பதில் வருவது ஏப்ரலில்

(சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோருக்காக மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மார்ச் மாதத்தில் இந்தத் தலைப்பில் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நவம்பரில் கூப்பிட்டிருந்தால் கொஞ்சம் உபயோகமாக இருந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய செப்டம்பரில் கூப்பிட்டிருந்தால் நிறையவே உபயோகமாக இருந்திருக்கும். இங்கே இருக்கிற பலர் வீட்டில் இப்போது என்ன நிலவரம் என்று எனக்குத் தெரியும். கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடக் கல்லூரியில் இரண்டாம் வருடத்தை முடிக்கப்போகிற பிள்ளை, மூன்றாம் வருடத்தில் சேர, யூ.சி. என்ற கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நாலைந்து வளாகங்களுக்கு டிரான்ஸ்பர் விண்ணப்பம் போட்டுவிட்டு, ராத்திரி பகலாகப் போர்ட்டலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மா பழனிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். அப்பா எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறார். முருகனையும் குறை சொல்ல மாட்டேன், எக்செலையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏப்ரலில் வரப்போகிற பதிலில் பெரும்பங்கு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எப்போது, எங்கே முடிவானது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு கம்யூனிட்டி காலேஜில் பல வருடம் கவுன்சலர் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற தகுதியில் பேசுகிறேன். மாணவர் யாரையும் அடையாளம் தெரியும்படி சொல்ல மாட்டேன். பெற்றோர் விஷயத்தில் அந்த உத்தரவாதத்தைக் கொடுக்க முடியாது.

முதலில் ஒரு கூச்சத்தைப் பேசித் தீர்த்துவிடுவோம். ஒரு அம்மா பையனோடு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, "சார், இங்க படிக்கிறான்னு நாங்க யார்கிட்டயும் சொல்லலை. ஊர்ல எங்க மாமியாருக்குக்கூடத் தெரியாது. யூ.சி.ன்னே சொல்லி வச்சிருக்கோம்" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாங்கிய மார்க்கில் ஒரு குறையும் இல்லை. அவன் தலை குனிந்ததற்குக் காரணம் எந்தப் பாடமும் இல்லை.

இந்தக் கூச்சம் கலிபோர்னியாவின் வரலாறு தெரியாததால் வருவது. 1960 ஏப்ரலில் கவர்னர் பாட் பிரவுன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலத்தின் உயர்கல்வி மாஸ்டர் பிளான் அதன் மூலம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் இருந்த மூளை, அப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர். பள்ளி முடிக்கிற மாணவர்களில் தரவரிசையில் முதல் எட்டில் ஒரு பங்குக்கு யூ.சி., முதல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் கல்லூரிகள், மீதி யாராக இருந்தாலும் இரண்டு வருடக் கல்லூரிக்கு வரலாம், கதவு திறந்திருக்கும் என்று பங்கு பிரித்தார்கள். இதை வெறும் வடிகட்டலாகப் பார்ப்பவர்கள் உண்டு. கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே திட்டத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது பலர் கண்ணில் படுவதில்லை. பல்கலைக்கழகத்தில் மேல் இரண்டு வருட வகுப்புகளில் 60 பேர் இருந்தால் கீழ் இரண்டு வருடத்தில் 40 பேர்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த அதிகப்படி 20 பேர் எங்கிருந்து வருவார்கள்? கம்யூனிட்டி காலேஜிலிருந்துதான். முதல் வருடத்தில் இருவரைச் சேர்த்தால், மூன்றாம் வருடத்தில் ஒருவருக்கு நாற்காலி போட்டு வைக்க வேண்டும். இன்றும் யூ.சி. கணக்குச் சொல்வது அந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை வைத்துத்தான்.

கெர்ரை 1967 ஜனவரியில், ரொனால்ட் ரீகன் கவர்னராகி மாதம் முடிவதற்குள் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஆளை நீக்கினார்களே தவிர அந்தக் கணக்கை நீக்கவில்லை. உங்கள் பிள்ளை பின்கதவு வழியாக உள்ளே போகவில்லை. கட்டடம் கட்டும்போதே வரைபடத்தில் போட்ட வாசல் அது.

அந்த வாசலின் அகலத்தையும் பாருங்கள். யூ.சி.எல்.ஏ.வில் பள்ளி முடித்து நேராக விண்ணப்பிப்பவர்களில் 100-க்குச் சுமார் 9 பேருக்கு இடம் கிடைக்கிறது. டிரான்ஸ்பர் விண்ணப்பதாரர்களில் சுமார் நாலில் ஒருவருக்குக் கிடைக்கிறது. அப்படி இடம் பெறுகிறவர்களில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவர்கள் கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்காரர்கள். செலவோ, மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். யூ.சி.யில் ஒரே ஒரு வருடக் கட்டணம் 14,000 டாலருக்கு மேல். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கையில் நாலு கடை ஏறி விலை கேட்கிற நாம் இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை.

கூடவே ஒரு மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் நான் நியாயமாகப் பேசியவன் ஆக மாட்டேன். ஏழைப் பிள்ளைக்குப் பாதை போட்ட திட்டம் இது. மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. யூ.சி.க்குப் போகிற கூட்டமோ சான்டா மோனிகா, டி ஆன்சா, டயாப்லோ வேலி என்று ஒரு சில கல்லூரிகளிலிருந்துதான் பெரிய அளவில் கிளம்புகிறது. சான் வாக்கின் வேலியில் யூ.சி. வளாகம் ஒன்று வருவதற்கே 2005 வரை, மெர்செட் திறக்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நமக்கு எளிதாகக் கிடைக்கிற பாதை எல்லோருக்கும் அதே போல் கிடைப்பதில்லை. இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இன்றைக்கு இதோடு விடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தை வாசிக்கிறவர் எதைப் பார்க்கிறார்? யூ.சி. இப்போது எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. சிபாரிசுக் கடிதம் பொதுவாகக் கேட்பதில்லை. நாலு கேள்விகளுக்குப் பதில், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அதில் ஒன்று எல்லோருக்கும் கட்டாயம்: எடுக்கப்போகிற மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, உன்னை எப்படித் தயார் செய்துகொண்டாய்? கேள்வி பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கான உண்மையான பதில் கட்டுரையில் இல்லை, எடுத்த பாடங்களின் பட்டியலில் இருக்கிறது.

டி ஆன்சாவை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களில் பாதிப் பேர் வீடு அதற்குப் பக்கத்தில்தான். அங்கே குவார்ட்டர் முறை. எஞ்சினியரிங் போகிற பிள்ளை கால்குலஸ் வரிசையாக மேத் 1ஏ, 1பி, 1சி, 1டி எடுக்க வேண்டும். அதற்கப்புறம் 2ஏ, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ். அதோடு 2பி, லீனியர் அல்ஜீப்ரா. எண்ணிப் பாருங்கள், ஆறு பாடம். இரண்டு வருடத்தில் கோடையை விட்டால் எத்தனை குவார்ட்டர்? ஆறு. பிசிக்ஸ் 4ஏ எடுக்க 1ஏ முடித்திருக்க வேண்டும், அதற்குப் பின்னால் 4பி, 4சி என்று அது வேறொரு வரிசை. இவையெல்லாம் போய்ச் சேர்கிற வருடத்தின் வசந்தப் பருவத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். முதல் செப்டம்பரில் 1ஏ-யில் உட்காராத பிள்ளைக்கு இந்தக் கணக்கு எப்படி நேராகும்? பெரும்பாலும் கோடை வகுப்புதான் வழி. ப்ரிகால்குலஸில் தொடங்கினால் கோடையும் போதாமல் மூன்றாவது வருடம் வேண்டியிருக்கலாம். அதில் ஒன்றும் அவமானம் இல்லை, ஆனால் தெரிந்து தொடங்க வேண்டும்.

ஒரு வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? "மொதல்ல ஜி.பி.ஏ. ஏறட்டும்டா, கஷ்டமானதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. சைக்காலஜி, வரலாறு, இசை ரசனை என்று முதல் இரண்டு குவார்ட்டர் எல்லாமே ஏ. மூன்றாவது குவார்ட்டரில்தான் கால்குலஸ். விண்ணப்பிக்கும்போது ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி, 4.0. எஞ்சினியரிங் கேட்ட இடமெல்லாம் இல்லை என்று வந்தது. அவர்களுக்குப் புரியவே இல்லை. "நாலுக்கு நாலு வாங்கினவனுக்கு எடமில்லைன்னா வேற யாருக்குத்தான் சார் குடுப்பாங்க?" 3.7 வாங்கி, பாடமெல்லாம் முடித்தவனுக்குக் கொடுத்தார்கள். கணிப்பொறி அறிவியலில் நிலைமை இன்னும் இறுக்கம். பெரிய வளாகங்களில் அதற்கான டிரான்ஸ்பர் வாய்ப்பு 100-க்கு ஒற்றை இலக்கம். யூ.சி.எல்.ஏ.வில் நாலில் ஒருவர் என்று நான் முன்னால் சொன்னதை வைத்துக்கொண்டு கணிப்பொறி அறிவியலுக்கு மனக்கோட்டை கட்டாதீர்கள்.

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற மாநிலத்தின் அதிகாரப்பூர்வத் தளம் வரி வரியாகச் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இலவசம். அதைப் பார்க்காமல், பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த பாடத்தை வாட்ஸாப்பில் வாங்கி அப்படியே எடுக்கிற பழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. விதிகள் மாறுகின்றன. பொதுப்பாடத் தொகுப்பே 2025 இலையுதிர் பருவத்திலிருந்து கால்-கெட்சி என்ற புதிய வடிவத்துக்கு மாறியது. அண்ணன் நல்லவர்தான், அவர் காலத்துச் சட்டம் வேறு.

டாக் என்ற டிரான்ஸ்பர் சேர்க்கை உத்தரவாதத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகின்றன. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோ தருவதில்லை. ஆறில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், செப்டம்பருக்குள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில மேஜர்களுக்கு அது கிடையாது. கிடைக்கிற பிள்ளை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஏப்ரலில் வீட்டில் தூக்கம் வரும்.

அடுத்து ஜனவரி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். நவம்பர் கடைசியில் விண்ணப்பம் போகும். போனதும் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடும். முடியவில்லை. அந்த விண்ணப்பத்தில் இருக்கும் மார்க்கெல்லாம் பிள்ளை தானாக எழுதிக் கொடுத்தது. இலையுதிர் பருவ மார்க் அப்போது வந்திருக்காது. அதனால் ஜனவரியில் புது மார்க்கையும், வசந்தத்தில் என்ன எடுக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்து ஒரு புதுப்பிப்பு அனுப்ப வேண்டும். ஜனவரி 31 கெடு. மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டும். அதற்கான மின்னஞ்சல், பிள்ளை எட்டாம் வகுப்பில் தொடங்கி இப்போது எட்டிப் பார்க்காத ஒரு முகவரிக்குப் போய் உட்கார்ந்திருக்கும். பிப்ரவரியில் என் அறைக்கு வந்து அழுத பிள்ளைகளில் மார்க் குறைந்து அழுதவர்களைவிட இதற்காக அழுதவர்கள் அதிகம்.

நாலு வருடக் கல்லூரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நினைக்கிறவர்கள் கதை வேறு. "பொண்ணு ரிவர்சைடுல இருக்கா, யூ.சி.எல்.ஏ. மாத்திக்கலாம், ரெண்டும் யூ.சி.தானே?" என்று கேட்கிறார்கள். யூ.சி. முதலிடம் கொடுப்பது கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருகிறவர்களுக்கு. தன் சொந்த வளாகங்களிலிருந்து வருகிறவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான். அதாவது, கூச்சப்பட்டு மாமியாரிடம் மறைத்தார்களே, அந்தப் பையன் வரிசையில் உங்கள் மகளுக்கு முன்னால் நிற்கிறான்.

தனியார் பல்கலைக்கழகங்கள் என்றால் இன்னும் குறுகல். பிரின்ஸ்டன் 1990-க்குப் பிறகு டிரான்ஸ்பர் மாணவர்களை எடுப்பதையே நிறுத்திவிட்டு 2018-ல்தான் மறுபடி தொடங்கியது. அந்த வருடம் 1,429 பேர் விண்ணப்பித்தார்கள், 13 பேருக்கு இடம் கொடுத்தார்கள். ராணுவத்தில் இருந்தவர்களையும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களையும் மனத்தில் வைத்துத் திறந்த கதவு அது. ஐவி லீக் ஸ்டிக்கரைக் காரில் ஒட்டத் துடிக்கும் நமக்காகத் திறந்ததல்ல. ஆனால் கல்லூரி மாறுவதே ஏதோ தோற்றவர்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். பராக் ஒபாமா லாஸ் ஏஞ்சல்ஸில் ஆக்சிடென்டல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு 1981-ல் கொலம்பியாவுக்கு மாறினார். டொனால்ட் டிரம்ப் ஃபோர்டாமில் இரண்டு வருடம் இருந்துவிட்டு 1966-ல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இந்த இருவருக்கும் பொதுவாக ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன், கைதட்டலாம்.

மாறுவதில் நஷ்டமும் இருக்கிறது. பழைய நகையைக் கொடுத்துப் புது நகை எடுக்கும்போது கடைக்காரர் சேதாரம் கழிக்கிறார் இல்லையா, கிரெடிட்டும் அப்படித்தான். 2004-க்கும் 2009-க்கும் இடையில் கல்லூரி மாறிய மாணவர்கள் தங்கள் கிரெடிட்டில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது. கிட்டத்தட்டப் பாதி. அதனால் அனுமதிக் கடிதம் கையில் வந்ததும் முதல் வேலை இனிப்பு வாங்குவதல்ல. எத்தனை யூனிட்டை ஏற்கிறார்கள், அதில் எத்தனை மேஜருக்குள் கணக்காகிறது என்று கேட்பது. இரண்டும் வேறு வேறு கேள்வி. யூனிட்டை ஏற்றுக்கொண்டு, 'விருப்பப் பாடம்' என்ற மூலையில் போட்டுவிட்டு, அதே கெமிஸ்ட்ரியை மறுபடி படிக்கச் சொல்வார்கள். அப்புறம் ஐந்தாவது வருடக் கட்டணத்தை யார் கட்டுவது?

விசா வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு 21 வயது ஆகும் நாளில், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 முடிந்துவிடும். டிரான்ஸ்பர் ஆகிற வயதும் ஏறக்குறைய அதேதான். இரண்டும் ஒரே கோடையில் மோதினால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிற வேலையும் புதுக் கல்லூரிச் சேர்க்கையும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும். ஏற்கெனவே எஃப்-1-ல் இருக்கிற பிள்ளைகளுக்குப் பழைய கல்லூரி செவிஸ் என்ற விசா மாணவர் பதிவைப் புதுக் கல்லூரிக்கு விடுவிக்க வேண்டும், அதற்கு ஒரு தேதி குறிக்க வேண்டும். ஐ-20 என்ற புதுச் சேர்க்கைச் சான்று அதற்குப் பிறகுதான் வரும். இரண்டு கல்லூரிக்கும் நடுவே ஐந்து மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. இதையெல்லாம் மாமாவிடம் கேட்காமல் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சரி, இப்போது மார்ச். செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது, காத்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் என்ன சொல்வது?

வீட்டில் நடப்பதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, பிள்ளைகள் வந்து சொல்வார்கள். சாப்பாட்டு மேசையில் "ஏதாவது வந்துச்சா?" என்று ஒரு கேள்வி. டேவிஸ் மார்ச்சிலேயே சிலருக்குச் சொல்லிவிட்டது என்று வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி. உடனே "அவனுக்கு வந்துடுச்சாமே, உனக்கு ஏன் வரலை?" வளாகத்துக்கு வளாகம் நாள் வேறு. டேவிஸ் ஒரு நாள், இர்வைன் ஒரு நாள். பெர்க்லியும் யூ.சி.எல்.ஏ.வும் பெரும்பாலும் ஏப்ரல் பிற்பாதியில்தான் வாயைத் திறக்கும். ஒரே வளாகத்திலும் மேஜரைப் பொறுத்து முன்பின்னாகும். நாள் தள்ளிப் போவதில் அர்த்தம் தேடினால் தலைவலிதான் மிச்சம். ஒரு மாணவி சொன்னாள்: "அப்பா என்னை ஒண்ணுமே கேக்கறதில்ல. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு என் பாஸ்வேர்டைப் போட்டு அவரே உள்ள போய்ப் பாக்கறார்." அப்பாக்களே, பாஸ்வேர்டை மறந்துவிடுங்கள். அந்தப் பதிலைத் திறக்கிற உரிமை அவளுடையது.

காத்திருக்கிற பிள்ளைக்கு வேலை இல்லை என்று யார் சொன்னது? இந்தப் பருவத்து வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. வருகிற அனுமதி எல்லாமே நிபந்தனையோடுதான் வரும். ஜனவரியில் 'எடுக்கப்போகிறேன்' என்று எழுதிக் கொடுத்த பாடத்தை ஏப்ரலில் கைவிட்டால், அல்லது டி வாங்கினால், கிடைத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, எடுத்தும் இருக்கிறார்கள். பாடத்தை விட்டே ஆக வேண்டும் என்றால் விடுவதற்கு முன்னால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள். முன்கூட்டிச் சொன்னவர்களை அவர்கள் நடத்துகிற விதம் வேறு, ஜூலையில் டிரான்ஸ்கிரிப்டில் கண்டுபிடித்தால் நடத்துகிற விதம் வேறு.

இல்லை என்று வந்தால்? மேல்முறையீடு உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் வராத புதுத் தகவல் இருந்தால்தான் அதற்கு உயிர். "என் மகன் ரொம்பக் கெட்டிக்காரன்" என்பது புதுத் தகவல் ஆகாது. கேட்ட வளாகம் இல்லை, இன்னொன்று வந்திருக்கிறது என்றால் அந்த ஊருக்கு ஒரு நாள் காரில் போய்ப் பாருங்கள், ஆய்வுக்கூடத்தைப் பாருங்கள், மூன்றாம் வருட வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பட்டத்தில் டிரான்ஸ்பர் என்று எங்கும் அச்சடிப்பதில்லை, அது உங்கள் மாமியார் கவலைக்கு.

ஜூன் 1-க்குள் ஒரு வளாகத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். ஜூலை 1-க்குள் படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் போயிருக்க வேண்டும். ஒரு கோடையில் வேறு காலேஜில் ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தாலும் அதுவும் சேர்த்தி. பள்ளியில் படிக்கும்போதே எடுத்த காலேஜ் பாடமும் சேர்த்தி, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

காபி தயாராகிவிட்டது என்று பின்னாலிருந்து சைகை வருகிறது. இந்த செப்டம்பரில் கல்லூரி தொடங்கப்போகிற பிள்ளைகளின் பெற்றோர் மட்டும், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கத்து மேசைக்கு வாருங்கள். லேப்டாப் வைத்திருக்கிறேன், அசிஸ்டைத் திறந்து முதல் குவார்ட்டருக்கு என்ன எடுப்பது என்று பார்ப்போம். பேசுவது பிள்ளையாக இருக்கட்டும்.